ஸம்புஜெய்ராவில் ஒரு புடவைக்கடைக்காரர் மகள்

1995 செப்டெம்பர் 8, வெள்ளி. மாலை நான்கு மணிக்கு ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட்டில் எங்கள் அப்பார்ட்மென்ற் வாசலில் ராக்சி வந்து ஹோர்ன் அடித்தபோது, இவர் சூட்கேசின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார். அப்படி உட்கார்ந்தால்தான் சிப் மூடுபடும். உள்ளே பத்து இறாத்தல் அரிசி, இரண்டு போத்தல் வறுத்த மிளகாய்த்தூள், பருப்பு, புளி. இவருடைய உடுப்பு அதற்குப் பிறகுதான்.

நாங்கள் கனடாவுக்கு வந்து பத்து வருடம். இந்தப் பத்து வருடத்தில் மொன்றியலுக்கு ஏழு தரமும் நியூ ஜேர்சிக்கு ஒரு தரமும் போயிருக்கிறோம். எல்லாம் கலியாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு. சொந்தக்காரர் ஒருவரும் இல்லாத ஊருக்குக் காசைக் கொட்டிப் போய்ச் சும்மா இருந்துவிட்டு வருவதை எங்கள் சனம் ஒரு நோய் வருத்தமாகத்தான் பார்க்கும். பக்கத்து அப்பார்ட்மென்ற் அன்ரி, "அங்கை ஆர் இருக்கினம்?" என்று கேட்டா. ஒருவரும் இல்லை என்றேன். "அப்ப ஏன் பிள்ளை போறியள்?" என்றா. 

காரணம் கொன்னி. நகரத்தில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் ஆறு வருடமாக அவளும் நானும் ஒரே படுக்கை விரிப்பின் இரண்டு முனையையும் பிடித்து மடிக்கிறோம். போர்த்துக்கல்காரி. தெற்கே அலென்ரேஜோ மாகாணத்தில் ஸம்புஜெய்ரா டோ மார் என்ற கடற்கரைக் கிராமத்தில் அவளுக்கு ஒரு வீடு பூட்டிக் கிடக்கிறது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அந்த வீட்டின் திறப்பை என் முன்னால் வைத்தாள். வாடகை வேண்டாம், யன்னல்களைத் திறந்து காற்றுப் பிடிக்க விடு, அதுபோதும் என்றாள். நான் வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். இவர் பாரிசில் இருக்கும் தமக்கையிடம் சொன்னார். தமக்கை, "அப்ப நானும் வாறன்" என்றா. திறப்பைக் கொன்னியிடமே திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று பார்த்தேன்.

ஏன் என்று சொல்லாமல் மேலே போக முடியாது. நான் மன்னார்த் தீவில் பேசாலையில் பிறந்தவள். அப்பா மீன்பிடிகாரர், இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார். இவருடையது யாழ்ப்பாணத்தில் தோட்டமும் துரவுமாக இருந்த சைவக் குடும்பம். கிறிஸ்தவள், வேதக்காரப் பெட்டை என்பதையாவது பொறுத்துக்கொள்வார்கள். வலை இழுக்கிறவரின் மகள் என்றால் வீட்டுப் படி ஏற்றமாட்டார்கள். அதனால் எட்டு வருடத்துக்கு முன் இவர் பாரிசுக்கு ரெலிபோன் எடுத்து, "தகப்பன் மன்னார் ரவுணில புடவைக்கடை வைச்சிருக்கிறார்" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அந்தத் தமக்கை, புவனா மச்சாள்தான், தாய் இல்லாத இவரை வளர்த்தவர். அவர் ஓம் என்றால்தான் கலியாணம். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. பிழையில் பாதி என்னுடையது.

பொய்யைக்கூடச் சுமக்கலாம் ஐயா, புடவையைச் சுமக்க முடியாது. எட்டு வருடமாக இந்தக் குடும்பத்தில் எவருக்குச் சீலை எடுத்தாலும் துண்டு வெட்டி எனக்குத் தபாலில் வரும். "நீர் கடைக்காரன்ர மகள், தொட்டுப் பாத்துச் சொல்லும்" என்பார் மச்சாள். நானும் தொட்டுப் பார்த்துச் சொல்வேன். அவருடைய மகளின் கூறைச்சீலைகூட நான் சொல்லித்தான் எடுத்தது. எனக்குக் காஞ்சிபுரமும் தெரியாது, பனாரசும் தெரியாது.

விமானம் ஏழரைக்குக் கிளம்பியது. சீற் பெல்ற்றைக் கட்டிக்கொண்டே இவர் காதுக்குள் சொன்னார்: "இஞ்சேரும், அங்கை மீனைக் கண்டவுடனே பேர் சொல்லத் தொடங்காதையும்."

"நான் வாயைத் தைச்சுக்கொண்டு வாறன். ஊசியும் நூலும் இருக்கோ?" என்றேன். இவர் மறுபக்கம் திரும்பிக் கம்பளியை இழுத்து மூடிக்கொண்டார்.

செப்டெம்பர் 9, சனி. காலை ஏழே காலுக்கு லிஸ்பன். என் நீலக் கனேடியப் பாஸ்போர்ட்டை அதிகாரி திறந்தார், குத்தினார், தந்தார். அவ்வளவுதான். எந்த வாசலிலும் நெஞ்சு படபடக்க நின்று பழகிய எனக்கு இது போதாமல் இருந்தது, இன்னும் ஏதாவது கேட்கமாட்டாரா என்று இரண்டு விநாடி நின்றேன். சுங்கத்தில்தான் பிடித்தார்கள். ஒரு தடித்த மனிதர் மிளகாய்த்தூள் போத்தலைத் திறந்து மூக்கைக் கிட்டக் கொண்டுபோனார். மூன்று தும்மல். கண்ணைத் துடைத்துக்கொண்டு, போ போ என்று கையை ஆட்டினார்.

பத்து மணிக்குப் பஸ் நிலையத்தில் பாரிஸ் பஸ் வந்தது. இருபத்தைந்து மணித்தியாலம் உட்கார்ந்து வந்த மச்சாள், சீலை கசங்காமல், மேலே ஒரு சுவெற்றரும் காலில் வெள்ளை ஓட்டச் சப்பாத்துமாக இறங்கினார். என்னைக் கட்டிப்பிடித்த கையோடு, "றீற்றா, ரெண்டு சீலை கொண்டு வந்தனான். லாச் சப்பல் தமிழ்க்கடையில எடுத்தது. பட்டோ இல்லையோ எண்டு நீர்தான் சொல்லவேணும்" என்றார். இவர் சூட்கேசைத் தூக்கிக்கொண்டு விறுவிறென்று முன்னே போனார்.

தெற்கே போகும் பஸ் பகல் ஒன்றுக்கு. ஆளுக்கு ஆயிரத்து முந்நூறு எஸ்குடோ, எங்கள் காசில் பன்னிரண்டு டொலர் வரும். ஏறக்குறைய இருநூற்றிருபது கிலோமீற்றர், நாலேகால் மணித்தியாலம். முதலில் தேஜூ ஆற்றுக்கு மேலே நீளமான தொங்குபாலம். பஸ் அதில் ஏறியதும் மச்சாள் "முருகா, முருகா" என்று மறுகரை வரும்வரை கண்ணைத் திறக்கவில்லை. செத்துபாலைத் தாண்டி அல்காசர் டோ சாலுக்கு வந்தபோதுதான் திறந்தார். திறந்தவர் கத்தினார்: "டேய் நேசன், உங்கை பாரடா, வயல்!"

உண்மைதான். ஆற்றின் இரண்டு பக்கமும் விளைந்த நெல். அறுவடைக்கு முன் வரும் மஞ்சள். வரம்பு, வாய்க்கால், ஒற்றைக்காலில் ஒரு கொக்கு. ஐரோப்பாவில் நெல்வயல் இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பத்து இறாத்தல் அரிசி காவி வந்த இவருடைய முகத்தைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் முன்சீற்றுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு தக்கை மரக் காடு. போத்தலை அடைக்கும் தக்கை மரத்தில் இருந்து வருகிறது என்று படித்திருக்கிறேன், பார்த்தது இல்லை. மரங்களின் இடுப்புவரை பட்டை உரித்து, உள்ளே செங்கல் நிறம். ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்ற்றால் ஓர் எண். சாரதிக்குப் பிரெஞ்சு தெரிந்திருந்தது, இந்த நாட்டில் கனபேர் பாரிசில் வேலை செய்தவர்களாம். மச்சாள் விசாரித்துச் சொன்னார்: "உது பட்டை உரிச்ச வருசமாம். நாலு எண்டால் தொண்ணூத்தி நாலு. இனி ஒன்பது வருசம் ஒருத்தரும் தொடக்கூடாதாம்." உரித்தும் சாகாத மரம் என்று மச்சாள் அதிசயப்பட்டார். எனக்கும் அந்தக் காடு பிடித்தது. மரத்துக்கு மரம் நிறைய இடம் விட்டு, நடுவில் ஆடுகள் மேய, பத்து நிமிடத்துக்கு ஒரு வீடு.

ஐந்தே காலுக்கு ஸம்புஜெய்ரா. இருந்தது மொத்தம் நாலைந்து தெரு. வெள்ளை அடித்த தணிந்த வீடுகள், சுவரின் அடியிலும் யன்னலைச் சுற்றியும் நீலப் பட்டை. ஹோட்டல் கட்டடம் இல்லை, விளம்பரப் பலகை இல்லை. தெரு முடிகிற இடத்தில் ஒரு சின்னஞ்சிறு கோயில், கடல்மாதாவுக்கு. அதற்கு அப்பால் நிலமே இல்லை. செங்குத்தான கறுப்புப் பாறை, கீழே கடல், அதற்கு மேலே முழு வானம். நான் பேக்கைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றேன். உப்புக் காற்று மூக்கில் ஏறியது. ஒன்ராறியோ ஏரிக்கரையில் எத்தனை தரம் நின்றிருக்கிறேன், அதற்கு மணமே இல்லை. எனக்கு அழுகை வந்தது, வெட்கப்படாமல் அழுதேன். "என்ன றீற்றா, காத்துக் கண்ணுக்கை அடிக்குதோ?" என்றார் மச்சாள். ஓம் என்றேன்.

கொன்னியின் தம்பி ஸேயும் அவன் மனைவி இல்டாவும் பக்கத்து வீடு. ஸே மீன்பிடிகாரன், நெட்டையன், அதிகம் பேசமாட்டான். இல்டா அவனுக்கும் சேர்த்துப் பேசுவாள். இருவரும் பன்னிரண்டு வருடம் பாரிசில் இருந்து திரும்பியவர்கள். இல்டா அங்கே ஒரு கட்டடத்தின் காவற்காரி. மச்சாளும் பாரிசில் கந்தோர், அலுவலகம் என்று துப்புரவாக்குகிறவர். இரண்டு பேரும் பத்து நிமிடத்தில் பிரெஞ்சில் மாடிப்படி, வாளி, முதலாளி என்று வெளுத்து வாங்கத் தொடங்கிவிட்டார்கள். எங்களுக்கும் அந்த ஊருக்கும் இடையில் வாய் என்று இருந்தது மச்சாள் மட்டுந்தான்.

செப்டெம்பர் 10, ஞாயிறு. காலையில் பனிப்புகார். பத்து மணிக்கு அது விலகியதும் நீலம் கண்ணைப் பறித்தது. கோயிலடியால் படி இறங்கிக் கடற்கரைக்குப் போனோம். இரண்டு பாறைகளுக்கு நடுவே அரைவட்டமாக மணல், ஒரு சிற்றாறு வந்து சேருகிறது, எண்ணிப் பார்த்தேன், இருபத்திமூன்று பேர். ஜேர்மன் சோடி ஒன்று புத்தகம் வாசித்தது. குடை வாடகைக்கு விடுகிறவர் இல்லை, பாட்டுப் பெட்டி இல்லை. தண்ணீர் குளிரென்றால் அப்படி ஒரு குளிர். இவர் கால்சட்டையை முழங்காலுக்கு மடித்து நுனிவிரலை வைத்தார், எடுத்தார். மச்சாள் சப்பாத்தையே கழற்றவில்லை. நான் உடுத்த உடுப்போடு நெஞ்சளவுக்குப் போனேன்.

"ஐயோ றீற்றா, அலை இழுக்கப் போகுது, திரும்பும்!" என்று மச்சாள் கரையில் நின்று கூப்பாடு போட்டார். அந்த அலை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று எனக்குக் காலில் தெரிந்தது. திரும்பி நின்று கையை மட்டும் காட்டினேன்.

மத்தியானம் கடற்கரைக்கு மேலே ஒரு சாப்பாட்டுக் கடை. கரியில் சுட்ட மீன் ஆறு, அவித்த உருளைக்கிழங்கு, சலாட், எண்ணூற்றைம்பது எஸ்குடோ. ரொட்டிப் பாணை ஊறவைத்து உள்ளியும் கொத்தமல்லிக் கீரையும் அரைத்துப் போட்ட ஒரு கஞ்சியும் தந்தார்கள். கொத்தமல்லிக் கீரை! மூன்று பேரும் வழித்து நக்கினோம். எழுபது எஸ்குடோவுக்கு ஒரு சிறு கோப்பைக் கோப்பி, அதைக் குடித்தால் பின்னேரம் முழுதும் நித்திரை கிட்ட வராது.

மச்சாள் மீனைக் கிளறி, "உது என்ன மீன் றீற்றா? சூடையோ, சாளையோ?" என்று கேட்டார். மேசைக்குக் கீழே இவருடைய கால் என் காலை மிதித்தது. எனக்குச் செதிளைப் பார்த்ததும் தெரிந்திருந்தது. "தெரியாது மச்சாள்" என்றேன். சொன்னதும் சாப்பாடு தொண்டையில் நின்றுவிட்டது. அப்பா பிடித்து, அம்மா சுட்டு, நான் தின்று வளர்ந்த மீனை யாரோ எவரோ என்று சொன்னேனே என்று ஆத்திரம் வந்தது. 

செப்டெம்பர் 12, செவ்வாய். ஸே தன் பிக்கப்பில் எங்களை வடக்கே பத்துக் கிலோமீற்றரில் உள்ள சார்டாவ் முனைக்குக் கூட்டிப்போனான். ஒரு வெளிச்சவீடு. அதைச் சுற்றி முழங்காலளவு முள்பற்றை, தேனும் உப்பும் கலந்த வாசனை. பாறை விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தால் தலை சுற்றும். கடலுக்குள் தனித்தனியே நிற்கும் கற்தூண்களின் உச்சியில் நாரைகள் கூடு கட்டியிருக்கின்றன. நாரை மரத்தில், கோபுரத்தில் கூடு கட்டும். கடல் நடுவே பாறையில் கட்டுவது இங்கேதான் என்று ஸே பெருமையாகச் சொன்னான். பெரும்பாலானவை ஆபிரிக்காவுக்குப் போய்விட்டன. இரண்டு மட்டும் போகாமல் நின்றன. கீழே அலை வெடித்து நுரை மேலே வர, அவை அசையவில்லை.

கயிற்றில் தொங்கி இறங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் ஏதோ ஒரு சிப்பி வகையைச் சுரண்டி எடுக்கும் இரண்டு பேரையும் அங்கே கண்டோம். ஓர் அலை போய் அடுத்த அலை வருமுன் சுரண்டவேண்டும். மச்சாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். "எவ்வளவு துணிஞ்ச சீவியம்" என்றார். பிறகு தம்பியைப் பார்த்து, "எங்கட ஊரிலயும் கடலுக்குப் போறதுகள் உப்பிடித்தான் என்ன, நாங்கள் ஒருநாளும் பாக்கேல்லை" என்றார். போறதுகள். பேச்சில் மரியாதை இருந்தது, அந்த ஒரு சொல்லில் அது இல்லை. இவர் வெளிச்சவீட்டைப் படம் எடுக்கப் போய்விட்டார்.

செப்டெம்பர் 14, வியாழன். இந்த நாளைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன் என்றும் வைத்துக்கொள்ளலாம். காலை எட்டரைக்கு இல்டா வந்து, படகுகள் கரை சேரும் நேரம், வாருங்கள் என்றாள். ஊரில் இருந்து பாறையோரமாக வடக்கே ஒன்றரைக் கிலோமீற்றர் நடை, என்ரராடா டா பார்க்கா என்ற துறை. துறை என்றால் பெரிய துறைமுகம் இல்லை. பாறைகளுக்கு நடுவே இரண்டு படகு அகலத்தில் ஒரு வாசல், உள்ளே குளம்போலத் தண்ணீர், பதினைந்து சிறு படகுகள். வெளியே ஆளுயர அலை. படகுக்காரன் வாசலுக்கு வெளியே காத்து நிற்கிறான், அலைகளை எண்ணுகிறான், சிறியது வந்ததும் எஞ்சினை முழுதாகத் திறந்து உள்ளே பாய்கிறான். ஸே அப்படிப் பாய்ந்து வந்தபோது எனக்குக் கை தட்டவேண்டும் போல் இருந்தது. அப்பாவும் இப்படித்தான் எண்ணுவார். தட்டாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஸே பெட்டிகளைக் கரையில் இறக்கினான். நண்டு, கணவாய், சிவப்பு மீன்கள். மச்சாள் சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாக எட்டிப் பார்த்து வந்தார். கடைசிப் பெட்டியில் கறுப்பும் மஞ்சளும் கலந்த தோலோடு கையளவு தடிப்பில் கடல்விலாங்கு ஒன்று சுருண்டு கிடந்தது. அஞ்சாளை. "பாம்போ? செத்துப்போச்சுது பாவம்" என்று மச்சாள் குனிந்து விரலை நீட்டினார்.

அஞ்சாளை செத்ததுபோல் மணிக்கணக்காகக் கிடக்கும். எங்கள் ஊரில் அதற்கு விரலைக் கொடுத்துவிட்டு நாலு விரலோடு திரிகிறவர்கள் இருக்கிறார்கள். "கையை எடுங்கோ!" என்று நான் போட்ட சத்தம் மறுகரைப் பாறையில் பட்டுத் திரும்பியது. மச்சாளை ஒரு தள்ளுத் தள்ளினேன், அவர் நனைந்த வலைக்குவியலில் போய் இருந்தார். அஞ்சாளை வாயைத் திறந்து பெட்டி விளிம்பைக் கடித்தது, பல் மரத்தில் பட்ட சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு யோசிக்கவே இல்லை. பக்கத்தில் கிடந்த சாக்கைப் போட்டுத் தலைக்குப் பின்னால் அமத்திப் பிடித்து, படகுக் கட்டையை எடுத்து மண்டையில் இரண்டு போட்டேன். வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். நல்ல சாமான், நாலு கிலோ வரும்.

 பிறகு ஸே சிரித்தான், அவன் சிரித்து நான் அன்றுதான் கண்டேன். இல்டா ஓடி வந்து மச்சாளை எழுப்பிவிட்டு, என்னைக் காட்டிக் காட்டிப் படபடவென்று பிரெஞ்சில் ஏதோ கேட்டாள்.

மச்சாள் சீலையை உதறிக்கொண்டே சொன்னார்: "உமக்கு உது எங்க பழக்கம் எண்டு கேக்கிறா." பிறகு, இல்டா கேட்டதால் மட்டும் இல்லை என்பதுபோல் என்னைப் பார்த்தார். "எங்க பழக்கம்?"

இவர் இடையில் விழுந்தார். "அக்கா, அது... ரிவியில காட்டினவங்கள். கடல் புறோகிராம் ஒண்டு..."

"நீ பேசாமல் இரடா."

என் கையில் அஞ்சாளை தொங்கிக்கொண்டிருந்தது. இவருடைய முகம் வெளிறிப் போயிருந்தது, பாவம், உண்மையிலேயே பாவமாய் இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தொண்டையில் நின்ற மீன் இன்னும் அங்கேயே நின்றது. இன்னொரு தரம் விழுங்க என்னால் ஏலாது.

"என்ர அப்பாட்டைப் பழகினது மச்சாள். அப்பா மீன்பிடிக்கிறவர். புடவைக்கடை எங்களுக்கு இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை. இல்டாவுக்குச் சொல்லுங்கோ."

 இல்டா மச்சாளின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். மச்சாள் இவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சீலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார். சொல்லாமல் விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். பிறகு இல்டாவின் பக்கம் திரும்பி, "என் தம்பியின் மனைவியினுடைய தகப்பன் மீன்பிடிகாரர்" என்று பிரெஞ்சில் சொன்னார். கனடாவில் காலைத் தானியப் பெட்டியின் பிரெஞ்சுப் பக்கத்தை வாசித்தே அவ்வளவு பிரெஞ்சு எனக்கு விளங்கும்.

இல்டா கூவினாள். என்னைப் பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினாள், ஈரக் கையோடு. மற்றப் படகுக்காரரைக் கூப்பிட்டாள், அவர்களும் வந்து கை கொடுத்தார்கள். குடும்பப் பெயர் என்ன என்று பிரெஞ்சிலும் சைகையிலுமாகக் கேட்டார்கள். "குரூஸ்" என்றேன். எங்கள் கலியாண அழைப்பிதழில், கடற்கரைச் சனத்தின் பெயர் என்று அதை வெட்டிவிட்டுத்தான் அப்பாவின் பெயரைப் போட்டது. இங்கே அதைக் கேட்டு ஒருவன் தன் நெஞ்சில் தட்டி, தானும் குரூஸ் என்று காட்டினான். அந்தக் காலத்தில் எங்கள் கரைக்கு வந்து ஞானஸ்நானம் கொடுத்த போர்த்துக்கல்காரர் விட்டுப்போன பெயர். நான் சிரித்தேன், அழுதேன், மூக்கைச் சிந்தினேன். மச்சாள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றார்.

திரும்பி வந்த ஒன்றரைக் கிலோமீற்றரும் மச்சாள் தனியாக முன்னே நடந்தார். வீட்டுக்கு வந்ததும் குசினிக் கதிரையில் இருந்து தம்பியைப் பிடித்தார்.

"எட்டு வருசமாய் என்னைப் பேயாக்கிப் போட்டாய் என்ன? பாரிஸ் முழுக்கச் சம்பந்தி கடை முதலாளி எண்டு சொல்லித் திரிஞ்சன். இனி ஆற்றை முகத்தில முழிக்கிறது?"

"உண்மையைச் சொல்லியிருந்தா நீ ஓம் எண்டிருப்பியே அக்கா?"

 பொய் சொல்ல மச்சாளுக்குத் தெரியாது. "இல்லை" என்றார். "ஓம் எண்டிருக்கமாட்டன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "அப்ப என்ர மகளின்ர கூறை?"

"குத்துமதிப்பாத்தான் மச்சாள் சொன்னனான்."

"கோதாரி! முப்பதினாயிரம் ரூபாய்க் கூறை!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வந்தது. மச்சாள் சிரிக்கவில்லை. எழும்பிப் போய் அறைக் கதவைச் சாத்தினார்.

செப்டெம்பர் 16, சனி. இரண்டு நாள் மச்சாள் தேவைக்கு மட்டும் பேசினார். அந்த இரண்டு நாளும் ஊர் இன்னும் அழகாக இருந்ததைச் சொல்லாமல் விடக்கூடாது. நான் விடியப்புறமே துறைக்குப் போனேன், இல்டாவோடு வலையில் சிக்கிய நண்டு கழற்றினேன், நகத்துக்குள் செதிள் ஏறியது. இவரும் பின்னால் வந்து ஒரு கல்லில் இருந்து பார்த்தார். "நீர் உந்த வேலை செய்யேக்கை பாக்க வேறை ஆள் மாதிரி இருக்கிறீர்" என்றார். அதே ஆள்தான் என்றேன். கையை நீட்டி எனக்கும் காட்டும் என்றார். முதல் நண்டே கடித்துவிட்டது.

பகல் இல்டா வீட்டில் விருந்து. அந்த அஞ்சாளையைத்தான் உப்புப் போட்டுக் காயவைத்துத் துண்டு துண்டாகப் பொரித்திருந்தாள். தோல் மொறுமொறுவென்று பொன்னிறம். எங்கள் மிளகாய்த்தூளில் நான் ஒரு குழம்பும் வைத்தேன். மச்சாள் வருவாரோ என்று பார்த்தேன். வந்தார். தட்டை வெகுநேரம் பார்த்தார். ஒரு துண்டு எடுத்தார், பிறகு இன்னொன்று. "முள்ளுக் கனக்க" என்றார். மூன்றாவதும் எடுத்தார்.

செப்டெம்பர் 17, ஞாயிறு. யன்னல்களைச் சாத்தி, வீட்டைப் பூட்டிக் காலை ஏழு மணி பஸ். கோயிலடியில் நின்று கடைசியாகக் கடலைப் பார்த்தேன். இந்தக் கரையில் கட்டடம் எழுப்பச் சட்டம் விடாது என்று ஸே சொல்லியிருந்தான், அந்தச் சட்டம் நல்லாய் இருக்கட்டும். ஸ்காபரோவிலும் செங்குத்துப் பாறை இருக்கிறது, அதன் கீழும் தண்ணீர்தான். அங்கே நின்றால் நான் எங்கே இருந்து வந்தவள் என்று ஒருவரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. இங்கே கேட்டார்கள், சொன்னேன், அதற்குப் பிறகு மீனில் பங்கும் தந்தார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

பதினொன்றே காலுக்கு லிஸ்பன். மச்சாளின் பாரிஸ் பஸ் ஒரு மணிக்கு. அவர் கொண்டுவந்த இரண்டு சீலையும் பெட்டியில் மடித்தபடியே திரும்பிப் போகின்றன. தம்பியின் தலையைத் தடவினார், எனக்கு "வாறன்" என்றார், ஏறிவிட்டார். யன்னலோரம் இருந்து எங்களைப் பார்க்கவில்லை. இது இவ்வளவுதான், இனிப் பாரிசில் இருந்து ரெலிபோன் வராது என்று எனக்குப் பட்டது. இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

எஞ்சின் ஸ்ராற் எடுத்தது. மச்சாள் எழும்பினார். சாரதியிடம் பிரெஞ்சில் ஏதோ அதட்டினார், கதவு திறந்தது. ஒரு கையில் பேனையும் மறுகையில் ரிக்கற்றுமாகப் படியில் நின்றார்.

"உம்மட அப்பான்ர அட்ரசைச் சொல்லும்."

"ஏன் மச்சாள்?"

"ஏனோ? எட்டு வருசமாய் எங்களுக்கு ஒரு சம்பந்தி இருக்கிறார். இருக்கிறாரோ செத்தாரோ எண்டு ஒரு கடிதம் போட்டனாங்களோ? பேர் என்ன, முழுப்பேர்?"

"சூசை குரூஸ்."

எழுதினார். சாரதி ஹோர்ன் அடித்தார். "பொறும்!" என்று தமிழிலேயே அவரை அதட்டினார். "ஊர்? மன்னார் ரவுண் எண்டு சொல்லாதையும்."

"பேசாலை."

மச்சாள் ரிக்கற்றைக் கம்பியில் வைத்து அமத்தி, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். எழுதி முடித்து, சரியோ என்று எனக்குத் திருப்பிக் காட்டினார். எங்கள் வீட்டில் எட்டு வருடமாக ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத அந்த ஊர்ப் பெயர், ஒரு பஸ் ரிக்கற்றின் பின்பக்கத்தில், மச்சாளின் கைப்பையில் பாரிசுக்குப் போனது.